கர்னல் ஆல்காட்: சேரியின் வாயிலில் அரிச்சுவடி

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் வந்தால் இலங்கைத் தீவின் பௌத்தர்கள் வெண்தாடிப் பெரியவர் ஒருவரை நன்றியுடன் நினைவு கூர்கின்றனர். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே அவருடைய சிலை நிற்கின்றது. அவர் சிங்களவரல்லர், தமிழருமல்லர். கடல் கடந்த அமெரிக்க நாட்டில் பிறந்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர்களே அப்பெரியவர்.

தமிழ்ப் பௌத்தர்களாகிய நாம் அவரைப் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் மூலம் அறிவோம். 1898ஆம் ஆண்டில் பண்டித அயோத்திதாசரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று, பஞ்சசீலம் பெறுதற்குத் துணை நின்றவர் அவர் என்பதே அது. அந்நிகழ்ச்சி நம் சரித்திரத்தில் மறக்கவொண்ணாதது. ஆயினும் அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்னரே சென்னைச் சேரியொன்றின் வாயிலில் அவர் ஓர் ஆரம்பப் பாடசாலையைத் திறந்துவிட்டார் என்பதையும், அங்கே எழுத்தே கண்டிராத இல்லங்களின் குழந்தைகள் முதன்முதலாக அரிச்சுவடி பயின்றனர் என்பதையும் நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? நாம் இங்கே கூறப் புகுவது அவ்வரலாற்றையே. அதனுள் நமக்கு ஊக்கமும் உண்டு. ஓர் எச்சரிக்கையும் உண்டு.

இளமையும் உத்தியோகமும்

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் நியூ ஜெர்ஸி மாகாணத்தைச் சேர்ந்த ஆரஞ்சு என்னும் ஊரில் தோன்றினார். இல்லம் ஆசாரம் மிகுந்த கிறிஸ்தவ இல்லம். நியூயார்க்குச் சர்வகலாசாலையில் அவர் கல்வி தொடங்கிய சிறிது காலத்திற்குள் தந்தையின் வியாபாரம் நொடித்தது. கல்வியை நடுவில் நிறுத்திவிட்டு, ஒஹையோ மாகாணத்திற்குச் சென்று நிலத்தில் உழைக்கலானார். பணமின்மையால் புத்தகத்தை மூடிவைக்க நேர்ந்தவனின் வருத்தத்தை அவர் தம் வாழ்வில் நேராகவே அறிந்தவர் என்பதை நாம் இங்கே குறித்துக் கொள்வோம்.

உழைப்பு வீண் போகவில்லை. விவசாய விஞ்ஞானத்தில் தேர்ந்து, வெல்லச் சோளப் பயிரைப் பற்றி நூலெழுதி, நியூயார்க்கு டிரிப்யூன் பத்திரிகையின் விவசாயப் பகுதிக்கு ஆசிரியரானார். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது படையிற் சேர்ந்தார். பின்னர் படைத்துறையில் நடந்த பண மோசடிகளை விசாரிக்கும் விசேஷ அதிகாரியாக நியமிக்கப்பெற்றார். கர்னல் என்னும் பட்டம் அக்காலத்தே அவருக்கு வாய்த்தது. 1865ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு மாண்டபோது, அக்கொலையை ஆராய்ந்த அதிகாரிகளுள் அவரும் ஒருவர். அடிமைத்தனத்தை ஒழிக்க நடந்த அப்போரில் வென்றவர் பக்கத்தில் நின்றவர் அவர். போருக்குப்பின் 1868ஆம் ஆண்டில் வழக்கறிஞராகி நல்ல வருவாய் பெற்று வாழ்ந்தார்.

1874ஆம் ஆண்டில் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு நவம்பரில் இருவரும் வேறு சிலரும் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினர். அச்சபையின் கொள்கைகளை இங்கே ஆராய்வது நம் நோக்கமன்று. கீழ்நாட்டுச் சமயங்களை அறியும் ஆவல் அவர்களை 1879ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய்க்குக் கொணர்ந்தது. 1882ஆம் ஆண்டின் இறுதியில் சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவே நமக்குப் போதும்.

இலங்கையில் கண்ட காட்சி

1880ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் ஆல்காட்டும் அம்மையாரும் காலித் துறைமுகத்தில் இறங்கினர். அம்மாதம் 25ஆம் நாள் காலியில் உள்ள விஜயானந்த விகாரையில் திரளான மக்கள் முன்னிலையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர்.

அத்தீவில் ஆல்காட் கண்டது யாது? பௌத்தர்களே பெரும்பான்மையாக வாழும் நாட்டில் பௌத்தக் குழந்தை எழுத்தறிய வேண்டுமாயின் பெரும்பாலும் பாதிரிமார் பாடசாலையை நாட வேண்டியிருந்தது. பழங்காலத்தில் விகாரையின் பன்சாலையே பள்ளியாக இருந்தது. பிக்குவே ஆசானாக இருந்தார். அந்நிய ஆட்சியில் அவ்வழக்கம் நலிந்தது. அரசாங்க உதவி பெற்ற பௌத்தப் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிறிஸ்தவப் பாடசாலைகளோ நூற்றுக்கணக்கில் இருந்தன. பாதிரிமார் செய்த கல்விப் பணியை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் தன் தாயும் தந்தையும் வணங்கும் பகவனை இழிவென்று கற்பிக்கும் புத்தகத்திலிருந்தே ஒரு குழந்தை முதல் எழுத்தைக் கற்க நேருமாயின், அக்குழந்தை எழுத்தோடு வெட்கத்தையும் சேர்த்துக் கற்கின்றது. இதனை ஆல்காட் விரைவில் உணர்ந்தார்.

வினாவும் விடையும்

பௌத்தக் குழந்தைகளின் கையிற் கொடுக்கத்தக்க எளிய சுவடி ஒன்றேனும் அக்காலத்தில் இல்லை. கிறிஸ்தவச் சிறார்க்கு வினாவிடை நூல்கள் இருந்தன. அம்முறையிலேயே ஒரு பௌத்த வினாவிடை எழுத ஆல்காட் துணிந்தார். தாமே பல நூல்களை ஆராய்ந்து எழுதினார். எழுதியதை அப்படியே வெளியிட்டுவிடவில்லை. கொழும்பு வித்யோதய பிரிவேனாவின் தலைவராகிய ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கள மகாதேரர் முன்னிலையில் வைத்து, சொற்சொல்லாகப் பரிசோதிக்கச் செய்தார். மேல்நாட்டார் தமக்குத் தோன்றியதை எழுதிவிட்டுக் கீழ்நாட்டாரைப் படிக்கச் சொல்லும் வழக்கம் மலிந்திருந்த அக்காலத்தில் இஃது அரிய பணிவென்றே நாம் கூறுவோம்.

1881ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அச்சுவடி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வெளிவந்தது. முதற்பதிப்பின் செலவை ஏற்றவர் மாத்தறையைச் சேர்ந்த இலங்ககோன் அம்மையார் என்னும் சிங்களப் பெருமாட்டி. பின்னர் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பற்பல பதிப்புகளைக் கண்ட அச்சுவடியின் தொடக்கம் ஒரு பெண்மணியின் கைப்பணத்திலிருந்தே ஊற்றெடுத்தது என்பது நம் இல்லத்தரசியர் மனத்தில் வைக்கத்தக்கது.

வினாவிடை முறைக்கு ஒரு சிறப்புண்டு. எழுத்தறியாத தாயும் வினாவைக் கேட்கலாம். குழந்தை விடை கூறலாம். முதலில் செவியால் அறிந்து நாவாற் சொல்லிப் பழகிய சொற்களையே பின்னர் ஏட்டில் காணும்போது, குழந்தைக்கு எழுத்து அந்நியமாகத் தோன்றாது. பழகிய முகத்தைக் கண்டதுபோல் அச்சொல்லைக் கண்டு மகிழும்.

மாட்டு வண்டியும் கல்வி நிதியும்

சுவடி ஆயிற்று, பாடசாலை வேண்டுமே! பாடசாலைக்குப் பொருள் வேண்டுமே! ஆல்காட் செல்வந்தர் சிலரிடம் மட்டும் சென்று நிற்கவில்லை. தாமே திட்டமிட்டுச் செய்வித்த வில்வைத்த இரட்டைச் சக்கர மாட்டுவண்டியில் ஏறி ஊர் ஊராகப் புறப்பட்டார். உறங்கவும் உண்ணவும் எழுதவும் இடம் அமைந்த அவ்வண்டியில் சிறு புத்தக அலமாரியும் இருந்தது. பகலில் பயணம், விகாரையின் பிரசங்க மண்டபத்திலோ மரநிழலிலோ கூட்டம், கூட்டத்தின் முடிவில் நிதி. உழவரும் மீனவரும் சிறு வணிகரும் தத்தம் சக்திக்கேற்ற நாணயத்தை இட்டனர். அந்நாணயங்கள் பௌத்தக் கல்விக்கான தேசிய நிதியாகத் திரண்டன.

1886ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கொழும்பில் 37 மாணவருடன் ஆங்கில பௌத்தப் பாடசாலையொன்று தொடங்கிற்று. பிற்காலத்தில் ஆனந்தா கல்லூரி என்று புகழ்பெற்றது அதுவே. கண்டியில் தர்மராஜா கல்லூரியும், 1892ஆம் ஆண்டில் காலியில் மகிந்தா கல்லூரியும் எழுந்தன. பெண் குழந்தைகளின் கல்விக்கென 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த மேரி மியூசியஸ் ஹிக்கின்ஸ் அம்மையார் இரண்டாண்டுகளில் தம் பெயரால் விளங்கும் பெண்பள்ளியை எளிய மண்வீட்டில் தொடங்கினார். இவற்றைவிட முக்கியமானவை சிற்றூர்கள்தோறும் முளைத்த தாய்மொழிப் பாடசாலைகள். ஆல்காட் மறைந்த காலத்தில் தீவெங்கும் ஏறக்குறைய இருநூறு பௌத்தப் பாடசாலைகள் நடைபெற்று வந்தன.

1885ஆம் ஆண்டில் வைசாகப் பௌர்ணமி அரசாங்க விடுமுறை நாளாயிற்று. அவ்வாண்டிலேயே பௌத்தக் கொடியும் முதன்முதலாக ஏறிற்று. இவை இரண்டிலும் ஆல்காட்டின் பங்கு உண்டு. ஆனால் கொடி ஆண்டுக்கு ஒருநாள் ஏறும். பாடசாலையோ நாள்தோறும் திறக்கும்.

ஊரூர்ப் பாடசாலை

இனி அன்னாரின் சென்னைப் பணிக்கு வருவோம். இஃது நம் முன்னோரின் கதை.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டம் பரந்து கிடந்தது. 1886ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே கீழ்நாட்டு ஏடுகளைத் திரட்டி ஒரு நூல்நிலையத்தை ஆல்காட் அமைத்தார். வடமொழி ஏடுகளும் பாலி ஏடுகளும் அலமாரிகளில் குவிந்தன. அத்தோட்டத்தின் எல்லையை அடுத்தே ஊரூர் என்னும் சிற்றூர். அங்குள்ள சேரியின் குழந்தைகளோ ஓர் எழுத்தையும் அறியாதவர். மதிலின் ஒருபுறம் ஆயிரமாயிரம் ஏடுகள். மறுபுறம் அரிச்சுவடியும் காணாத கண்கள். இக்காட்சி ஆல்காட்டின் மனத்தை உறுத்திற்று.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளின் நிலை நாம் அறிந்ததே. மணலில் விரலால் எழுதி, அண்ணாவியாரின் பிரம்புக்கு அஞ்சி, உரக்கக் கூவிப் பயின்ற அப்பள்ளிகளின் திண்ணை நம் முன்னோரின் குழந்தைகட்கு எட்டாத திண்ணை. பஞ்சமர் என்று பிறர் இட்ட பெயரைச் சுமந்த பூர்வ பௌத்தர்களின் குழந்தை தெருவிலே கால் வைப்பதற்கே தடை இருந்த ஊர்கள் பல. திண்ணையில் அமர்வது எங்ஙனம்? 1892ஆம் ஆண்டில் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டித அயோத்திதாசர் எழுந்து நம் குழந்தைகட்கு இலவசக் கல்வி வேண்டுமென்று கேட்டதும், 1893ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்ததும் இந்நிலையின் விளைவுகளே. ஆணை காகிதத்தில் இருந்தது. அதனைச் சேரிக்குக் கொண்டுவர ஆள் வேண்டியிருந்தது.

1894ஆம் ஆண்டில் ஊரூரில் ஆல்காட் தம் முதல் இலவசப் பாடசாலையைத் திறந்தார். அடுத்தடுத்துக் கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் வேறு பாடசாலைகள் தோன்றின. ஒன்றிற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. சம்பளம் இல்லை; சாதி விசாரணை இல்லை; போதனை தாய்மொழியாகிய தமிழில். இலங்கையில் பௌத்தப் பாடசாலைகளை எழுப்பிய அவர், இங்கே குழந்தைகளைப் பௌத்தராக்கும் கருவியாகப் பாடசாலையைக் கொள்ளவில்லை. எச்சமயத்தையும் திணியாது எழுத்தையும் கணக்கையும் கைத்தொழிலையும் கற்பிப்பதே அங்கு விதி.

சேரிக்கு அருகிலேயே பாடசாலையை அமைத்ததன் நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். ஆறேழு வயதாயின் அக்காலத்துச் சேரிப்பிள்ளை மாடு மேய்க்கும், விறகு பொறுக்கும், பெற்றோர் கூலிக்குச் சென்றால் தங்கையை இடுப்பில் சுமக்கும். அப்பிள்ளை தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்வது நடவாத காரியம். வீட்டு வாயிலுக்குப் பள்ளி வந்தால்தான் உண்டு. அதுவும் உழைப்புப் பற்றிக் கொள்வதற்கு முன்னைய இளவயதில் வந்தால்தான் உண்டு. வேலை முந்திக் கொண்ட கையில் பலகை ஏறுவது அரிது.

விளையாட்டின் வழி எழுத்து

இடம் கிடைத்தது, கற்பிக்கும் முறை யாது? இதிலேதான் ஆல்காட் பாடசாலைகள் பிற பாடசாலைகளினின்று வேறுபட்டன. 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பால்மர் என்னும் ஆசிரியை இப்பாடசாலைகளின் மேற்பார்வையை ஏற்றார். அவருடைய துணையால் கிண்டர்கார்ட்டன் என்னும் குழந்தைப் பள்ளி முறை இங்கே புகுந்தது. பின்னர் கோர்ட்ரைட் அம்மையார் அம்முறையை மேலும் வளர்த்து, இக்குழந்தைகட்குத் தாம் கற்பித்த விதத்தை விளக்கி 1906ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார்.

ஜெர்மனி நாட்டுப் பேராசான் பிரோபல் 1837ஆம் ஆண்டில் தொடங்கிய முறை இது. எழுத்தைத் திணிப்பதற்கு முன் குழந்தையின் கண்ணையும் கையையும் செவியையும் பழக்குவது இதன் சாரம். பந்து, கட்டை, குச்சி, விதை முதலிய பொருள்களை எண்ணுதல், அடுக்குதல், நிறம் பிரித்தல், மண்ணில் உருவம் செய்தல், பாடலுக்கு ஏற்பக் கையசைத்தல், கண்டதைப் படமாக வரைதல், கேட்ட கதையைத் தன் வாயால் திரும்பச் சொல்லுதல். குச்சியை வளைத்தும் நிறுத்தியும் பழகிய விரல் நாளடைவில் எழுத்தின் வளைவை அஞ்சாது வரையும். பாடலில் ஒலியைப் பிரித்தறிந்த செவி, அம்மா என்பதன் முதல் ஒலியே ஏட்டில் நிற்கும் அகரம் என்பதை எளிதிற் பற்றும்.

நம் மொழியில் எழுத்துகள் 247 என்பர். அவற்றை முதல் நாளிலேயே மலைபோற் குவித்து மனனம் செய்யச் சொன்னால் நான்கு வயதுக் குழந்தை மிரண்டு ஓடும். உயிரும் மெய்யும் சேர்ந்தால் 30. அவை கூடும் விதம் ஒன்று தெரிந்தால் மற்றவை அதன் வழியே வரும். தெரிந்த சொல்லிலிருந்து ஒலிக்கும், ஒலியிலிருந்து எழுத்துக்கும் அழைத்துச் சென்றால் குழந்தை தானே முன்னே ஓடும்.

சேரிப்பிள்ளைக்குப் புத்தி மட்டு என்று உயர்குலத்தோர் பேசித் திரிந்த காலம் அது. அரசாங்கப் பரீட்சைகளில் இப்பாடசாலைச் சிறுவர் பெற்ற தேர்ச்சி அப்பேச்சுக்கு விடையாயிற்று. 1902ஆம் ஆண்டில் ஆல்காட் இப்பிள்ளைகளின் நிலையையும் முன்னேற்றத்தையும் விளக்கிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டு உலகோர் முன் வைத்தார்.

பண்டிதரும் கர்னலும்

1898ஆம் ஆண்டில் பண்டித அயோத்திதாசரும் அவரோடு சேர்ந்தோரும் ஆல்காட்டை அணுகி, தம்மவர் பண்டைப் பௌத்தர்களின் வழிவந்தோர் என்பதை எடுத்துரைத்து, மீண்டும் பகவனின் சரணத்தை அடையத் துணை வேண்டினர். ஆல்காட் அவ்விருப்பத்தை மதித்தார். அநகாரிக தர்மபாலரும் சென்னைக்கு வந்து இராயப்பேட்டைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். பண்டிதரும் கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கள மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினர். இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் உதயமாயிற்று.

எழுத்தும் சரணமும் நம்மவர்க்கு ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. இதனைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. பகவனின் தர்மம் ஆராய்ந்து ஏற்கத்தக்க தர்மம். ஆராய்வதற்கு அறிவு வேண்டும். அறிவுக்கு எழுத்து வாயில்.

மறைவும் அதன் பின்னும்

1906ஆம் ஆண்டில் கப்பலில் பயணம் செய்கையில் ஆல்காட் படியில் தவறி விழுந்து காயமுற்றார். அதன்பின் உடல் தேறவில்லை. 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் காலை அடையாற்றில் உயிர் நீத்தார். அவர் உடல்மீது இரு கொடிகள் போர்த்தப்பட்டன: ஒன்று பிறந்த நாட்டின் கொடி, மற்றொன்று பௌத்தக் கொடி. பல சமயத்தாரும் தத்தம் முறைப்படி இறுதி வணக்கம் செலுத்தினர்.

இவ்வளவு நற்செயல் செய்தவரிடத்தும் நாம் குறைகூற இடமுண்டா என்று சிலர் வினவக்கூடும். உண்மையை உரைப்பது நன்றி மறத்தல் ஆகாது. சேரிப்பிள்ளைகட்கு ஆல்காட் விரும்பியது ஆரம்பக் கல்வியும் பயனுள்ள தொழிலறிவுமே. ஏமாற்றப்படாமல் வாழ்வதற்குப் போதிய எழுத்து, கணக்கு. அதற்கு மேல் உயர்கல்வியை அவர் அவர்கட்கென நினைக்கவில்லை. கொழும்பில் கல்லூரி, சென்னைச் சேரியில் நான்கு வகுப்பு. இவ்வேறுபாட்டை நாம் காணாமலிருத்தல் இயலாது.

மற்றொரு வேறுபாடு அதனினும் ஆழமானது. இலங்கைப் பாடசாலைகள் அந்நாட்டு மக்களின் நாணயத்தால் எழுந்தவை, அவர்களே நிருவாகிகள், அவர்களே தாயகர்கள். ஆல்காட் மறைந்த பின்னும் அவை பெருகின. 1960ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளை ஏற்கும் வரையில் பௌத்த மக்களின் சபைகளே அவற்றை நடத்தி வந்தன. சென்னைப் பாடசாலைகளோ பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த அன்பர்களின் நன்கொடையாலும் அரசாங்க உதவியாலும் நின்றவை. பள்ளி நம்மவர்க்காக இருந்தது. நம்மவர் கையில் இல்லை. எனவே அம்மனிதர் மறைந்தபின் அவற்றின் கதியைப் பிறரே நிர்ணயித்தனர். ஒன்று நீங்கலாக ஏனையவை காலப்போக்கில் நகரசபையின் வசம் சென்றன. ஊரூரில் தொடங்கிய பள்ளி மட்டும் ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரால் வளர்ந்து, ஏழைச் சிறார்க்கு இலவசக் கல்வி அளிக்கும் நிலையமாக விளங்கலாயிற்று.

நம்மவர் அன்று வறியவர். நாணயம் இடுவதற்கு நாணயம் ஏது என்று கேட்பது நியாயமே. ஆயினும் ஆல்காட் மறைந்து நான்கு திங்கள் கழிந்ததும், 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், அயோத்திதாசர் ஒரு பைசா விலையில் தம் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கத்தின் கிளை தோன்றிற்று. பூமிக்கடியில் இறங்கி உழைத்த தொழிலாளர் தம் கூலியினின்று ஒதுக்கிய காசினால் அச்சங்கம் நின்றது. வறுமை நம்மைத் தடுத்தது உண்மை. முற்றும் தடுத்துவிடவில்லை என்பதும் உண்மை.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே! இவ்வரலாற்றைப் படித்து ஒரு பெரியவரைப் புகழ்ந்துவிட்டு இதழை மூடிவிடுவது எளிது. இன்று பள்ளிகள் உண்டு, சட்டம் உண்டு, கதவு திறந்தே இருக்கின்றது. ஆயினும் ஆறாம் வயதில் பள்ளி வாயிலை மிதிக்கும் நம் குழந்தை, ஏற்கெனவே கதையும் படமும் பாடலும் புத்தகமும் நிறைந்த இல்லங்களிலிருந்து வரும் குழந்தையின் அருகில் அமர்கின்றது. இருவரும் அன்றைக்கே ஓட்டத்தைத் தொடங்கவில்லை. ஒருவர் மூன்றாண்டுகட்கு முன்னரே தொடங்கிவிட்டார். அம்மூன்றாண்டுகளை நம் குழந்தைக்கு மீட்டுக் கொடுப்பது அரசாங்கத்தின் ஆணையால் மட்டும் நடக்காது. தெருவும் சங்கமும் இல்லமும் சேர்ந்தே செய்தல் வேண்டும்.

ஆல்காட்டின் பணியிலிருந்து நாம் கொள்ளத்தக்க வழிகள் எளியவை. ஞாயிறுதோறும் விகாரையில் வந்தனைக்கு முன் ஒருமணி நேரம், மூன்று முதல் ஆறு வயதுள்ள குழந்தைகட்கென ஒதுக்கலாம். பாய் ஒன்று, பலகைகள் சில, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் ஒரு கூடை, படப்புத்தகம் பத்து, இவ்வளவே மூலதனம். படித்த இளைஞரும் யுவதியரும் முறைவைத்து அமரலாம். ஜாதகக் கதையில் வரும் மானும் குரங்கும் அன்னமும் குழந்தையின் நாவில் முதலில் நடமாடட்டும். பிறகு பலகையில் தோன்றட்டும். எழுத்தறியாத பாட்டியும் இங்கே ஆசிரியையே. அவர் கதை கூறுவார். பேரன் அதைத் திரும்பச் சொல்வான். அவன் சொன்னதை அண்ணன் எழுதிக் காட்டுவான். தன் வாய்ச்சொல் ஏட்டில் ஏறுவதைக் கண்ட குழந்தைக்கு எழுத்தின் பயனை வேறு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இல்லத்தில் தந்தையார் நாள்தோறும் கால்மணி நேரமேனும் பத்திரிகையையோ நூலையோ உரக்கப் படிப்பாராக. தமக்குப் படிக்க வராதாயின் படித்த அண்டைவீட்டாரை அழைப்பாராக. அதில் நாணத்திற்கு இடமில்லை. பெண்குழந்தையைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவைத்து ஆண்குழந்தையை மட்டும் அனுப்பும் வழக்கத்தை அடியோடு விடுவோமாக. தம்பியும் அக்காளுடன் வந்து அதே பாயில் அமரட்டும்.

செலவுக்கு வெளியாரின் தானத்தை எதிர்நோக்க வேண்டா. கிடைப்பதை நன்றியுடன் ஏற்போம். ஆனால் அடித்தளம் நம் காசாக இருக்கட்டும். வைசாகத்தன்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் வருவாயில் சிறு பகுதியைக் குழந்தைப் பள்ளிக்கென இட்டு, அதன் கணக்கைச் சங்கத்தின் சுவரில் யாவரும் காண எழுதி ஒட்டினால், அப்பள்ளி எந்த ஒரு மனிதரின் மறைவோடும் மறையாது.

அன்று ஊரூர்ச் சேரியின் வாயிலுக்கு அரிச்சுவடியைக் கொண்டுவர அமெரிக்காவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அவருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அக்கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே: நம் வாயிலில் நம் குழந்தைக்கு முதல் எழுத்தை நாமே காட்டுவது. வரும் ஞாயிறன்றே அதைத் தொடங்குவோமாக.